ஒடுகத்தூர்ச் சந்தையில் ஒரு நாக்கு

அந்த வியாபாரியின் நாக்கை நான் வெறுத்த அளவுக்கு ஒரு முழு மனிதரைக்கூட யாரும் வெறுத்திருக்க மாட்டார்கள். ஆள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. சலவை வேட்டி, காதில் கடுக்கன், யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. நாக்குதான். அதை வெளியே நீட்டி, கீழுதட்டின்மேல் சற்று நேரம் காற்றாட விட்டு, பிறகு உள்ளே இழுத்துக்கொள்வார். அதற்கப்புறம்தான் விரல்நுனியில் தேன் சொட்டு ஏறும். கண்ணை மூடுவார். சுற்றி நிற்கிறவர்கள் வாயை மூடுவார்கள். சந்தையில் அவருக்கு இருந்த பெயரே நாக்குக்காரர்தான்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் எடுக்கிற தேன் எல்லாம் அந்த நாக்கைத் தாண்டித்தான் கீழ்நாட்டுக்குப் போகும். அவர் சுத்தம் என்றால் சுத்தம். விலையைப் படிய வைக்க எல்லாரிடமும் முதலில் "தண்ணி கலந்திருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அதை யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதைப் போல அதுவும் ஒரு பேச்சு.

என் வீட்டுக்காரர் தேன் எடுப்பவர். சாமை விதைப்போம், புளி உலுக்குவோம். ஆனால் சித்திரை வைகாசி வந்துவிட்டால் அவருக்குப் பாறை நினைப்புதான். செங்குத்துப் பாறையில் முறம் முறமாகத் தேனடை தொங்கும். உச்சியில் இருக்கிற மரத்தில் கயிற்றைச் சுற்றி, புகைப் பந்தத்தோடு அவர் இறங்குவார். மேலே உட்கார்ந்து அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவன் என் தம்பி. எங்கள் ஊரில் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். வேறு எவன் கையில் கொடுத்தாலும், பழைய பகை ஏதாவது ஞாபகம் வந்தால் விரல் தளர்ந்துவிடும். மச்சான்காரன் விரல் தளராது. அவன் பிடித்திருப்பது அக்காள் குடும்பத்தை.

பாறையில் தொங்குகிறவர் கத்தினால் மேலே கேட்காது. தேனீ இரைச்சல் அப்படி. அதனால் கயிற்றை இழுத்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு வெட்டு இழுத்தால் இன்னும் விடு. அடுத்தடுத்து இரண்டு என்றால் நிறுத்து. விடாமல் உலுக்கினால் தூக்கு. "மாமன் கீழ இன்னா பண்றார்னு எனக்குக் கண்ணால பாக்க வேணாம்கா, என் கையே பாத்துக்கும்" என்பான் தம்பி.

கயிறு பிடிக்கிறவனுக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. தேனில் எதையாவது கலந்து விற்றவனுக்கு அவன் கயிறு பிடிக்கக் கூடாது. அப்படிப்பட்டவனைப் பாறை திருப்பி அனுப்பாது, பிடித்தவன் கையும் விளங்காது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மற்ற பொய்களுக்கு எங்கள் ஊரில் மன்னிப்பு தாராளமாகக் கிடைக்கும். தேன் பொய்க்கு மட்டும் கிடைக்காது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

அந்தப் பருவத்தின் முதல் தேன். நானும் தம்பியும் தலையில் குடம் வைத்து மலையை விட்டு இறங்கினோம். நாக்குக்காரர் வழக்கம்போல நாக்கைக் காயவைத்து, ஒரு சொட்டு வாங்கி, "தண்ணிம்மே" என்றார்.

எனக்கு அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏங்க, இன்னும் ஒரு தூத்தல்கூட விழல. குடிக்கவே ஊத்துல நாங்க வரிசையில நிக்கறோம். தேன்ல ஊத்தத் தண்ணிக்கு எங்கங்க போவோம்?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிர்க்கடை டீக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து சிரித்தார். "நாக்குக்காரரே, நல்லா கேட்டுச்சு பாரு அந்தப் பொண்ணு!"

நாக்குக்காரர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. மறுபடி விரலைத் தோய்த்தார். மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை ரொம்ப நேரம்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன். தண்ணி இல்ல," என்றார். "வெல்லப்பாகு."

சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். குடத்தின் கழுத்தைப் பிடித்திருந்த கையை அவன் எடுத்துவிட்டான். அவ்வளவுதான் செய்தான்.

தேனைத் திருப்பித் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். பாதி வழியில், மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, "நீ நம்பறியாடா?" என்று கேட்டேன்.

"நான் நம்பலக்கா. மாமன் கலக்கற ஆளா? ஆனா நான் நம்பாம இருந்து இன்னா பண்றது? கயிறு கேட்டுச்சே. நாலு ஊரு ஜனம் கேட்டுச்சே. எந்த வாயி சொன்னுச்சோ அந்த வாயி, அதே எடத்துல, இல்லன்னு சொல்லட்டும். அன்னிக்குப் புடிக்கறேன்."

"அந்த ஆளு சொல்லாட்டி?"

அவன் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாறை இருக்கிற திசையைப் பார்த்தபடி, "அடை பழுத்து நிக்குது. இன்னும் கொஞ்ச நாள்ல ஈயே குடிச்சிட்டுப் போய்டும்" என்றார். அப்புறம், "தேனீ கொட்டினா வீங்கும், வடியும். இது எப்ப வடியும்?" என்று கேட்டார். அவர் சொன்ன வார்த்தைகளில் எனக்கு ரொம்ப வலித்தது அதுதான்.

அடுத்த சந்தைக்கு நான் மட்டும் போனேன். கெஞ்சினேன். எனக்குக் கெஞ்ச வராது, ஆனாலும் கெஞ்சினேன். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். நாக்குக்காரர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டார்.

"நான் சொல்லலம்மே. நாக்கு சொல்லுச்சு. உனக்கும் அதுக்கும் நடுவுல நான் பூர மாட்டேன்."

"தெரிஞ்சேதான சொன்னீங்க?"

"அதிகமா பேசற வாய்க்கு இதான் வைத்தியம். போய்ட்டு வா. பருவக் கடைசியில வாணியம்பாடி பாய் வருவாரு, அவரு முன்னால நாங்க நல்ல தேனுங்கள எடுத்து வைக்கணும். வழிய விடு."

வாணியம்பாடி பாய் என்பவர் யுனானி மருந்துக்குத் தேன் வாங்குகிற பெரிய வியாபாரி. வருஷத்துக்கு ஒரு முறை ஜீப்பில் வருவார். அவர் முன்னால் நாக்குக்காரர் கண்ணை மூடி ருசி பார்த்துக் காட்டுவார். அது ஒரு வேடிக்கை மாதிரி நடக்கும், கூட்டம் கூடும்.

மலை ஏறும்போது என் மனசு அந்த ஒரு சொல்லைச் சுற்றியே போனது. நாக்கு சொல்லுச்சு. சரி. நாக்கே சொல்லட்டும்.

எங்கள் கொல்லை வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்து கிடக்கும். சக்கரைக்கொல்லி என்றும் அதற்குப் பேர். சின்ன வயசில் நாங்கள் பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி ஏமாற்றுவோம். "இந்த எலய மென்னுட்டு வெல்லம் தின்னு, ரெண்டு மடங்கு இனிக்கும்" என்போம். தின்றால் வெல்லம் களிமண்ணாக இருக்கும். சர்க்கரையைப் போட்டால் ஆற்று மணல். புளிப்பு, உப்பு, கசப்பு, காரம் எல்லாம் அப்படியே தெரியும். இனிப்பு மட்டும் செத்துப்போகும். ஒரு உலை சோறு வெந்து இறங்குகிற நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், பிறகு தானாக உயிர் வந்துவிடும்.

அன்று நான் வேலியோரம் உட்கார்ந்து இலையை மென்று, எங்கள் தேனைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிப்பு போன இடத்தில் மற்றதெல்லாம் எழுந்து நின்றது. ஒரு மெல்லிய புளிப்பு. தொண்டையில் ஒரு எரிச்சல். புகை வாசம், ஏதோ பூவின் கசப்பு. பிறகு வெல்லத்தைத் தொட்டு வைத்தேன். உப்பும் மண்ணும்தான். இத்தனை வருஷம் தேன் தின்றிருக்கிறேன், இனிப்புக்குப் பின்னால் இவ்வளவு பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

இது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. முதியோர் கல்வி வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்து, பிறகு திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்துப் பழைய புத்தகங்களில் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நாக்கின்மேல் சொரசொரவென்று இருக்கிற புடைப்புகளின் ஓரத்தில் மொட்டு மொட்டாகச் சுவையறியும் இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சுவைக்கும் ஒரு வாசல். சர்க்கரை வந்து தன் வாசலில் உட்கார்ந்தால், அங்கிருந்து நரம்பு ஒரு வெட்டு இழுக்கும். மேலே மூளை உட்கார்ந்திருக்கிறது, என் தம்பியைப் போல. அதற்குக் கீழே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கயிறு அசைந்தால்தான் இனிப்பு. இந்த இலையில் இருக்கிற சத்து, சர்க்கரைக்கு முன்னால் ஓடிப்போய் அந்த வாசலை மறித்துக்கொள்கிறது. சர்க்கரை வந்து காத்து நிற்கும். கயிறு அசையாது. மூளை, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

ஆனால் நாக்குக்குக் கயிறு ஒன்றல்ல. முன்பாதியின் சுவையைக் கொண்டுபோகிற நரம்பு, காதுக்குள் செவிப்பறை ஓரமாக நுழைந்து போகிறதாம். பின்பாதிக்கு வேறு நரம்பு, தொண்டைக்கு வேறு. சுவை அல்லாமல் சூடு, சொரசொரப்பு, எரிச்சல் ஆகியவற்றைச் சொல்வதற்குத் தனி நரம்பு. சர்க்கரை மணலாகத் தெரிவது இதனால்தான். தொட்ட சேதி வந்துவிட்டது, இனித்த சேதி வரவில்லை. ஒரு பள்ளிப் புத்தகத்தில் நுனி நாக்கில் இனிப்பு, அடி நாக்கில் கசப்பு என்று பாகம் பிரித்துப் படம் போட்டிருந்தார்கள். நான் தேனைத் துளித்துளியாக ஓரத்திலும் அடியிலும் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் இனித்தது. படம் தப்பு என்று பிறகு பெரிய படிப்பாளிகளும் ஒத்துக்கொண்டார்களாம். நல்லது.

பாய் வருகிற சந்தை நாள். இலையைத் துளசியோடு சேர்த்து அம்மியில் அரைத்து உருட்டினேன். தம்பியை வரச்சொன்னேன். "எதுக்குக்கா?" என்றான். "கூட்டத்துல நிக்க" என்றேன். எங்கள் தேனில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டேன்.

ஜீப் வந்து நின்றிருந்தது. பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, மெதுவான பேச்சு. நாக்குக்காரர் தன் தகர டின்னை எடுத்து முன்னால் வைத்து, நாக்கை நீட்டிக் காயவைக்க ஆரம்பித்தார். நான் கூட்டத்தை விலக்கிப் போய் இலைப் பொட்டலத்தை நீட்டினேன்.

"இன்னாம்மே, மறுபடியுமா?"

"கோவிச்சிக்காதீங்க. எங்க மலைப் பச்சிலைங்க. நாக்குல இருக்கற பழைய ருசிய சுத்தமா தொடச்சிடும். பெரிய மனுசர் வந்திருக்காரு, உங்க நாக்கு பளிச்சினு இருக்கட்டுமேன்னு கொண்டாந்தேன்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. துடைக்கத்தான் செய்யும்.

அவர் என்னைப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்து முடியாமல் இப்போது காலில் விழ வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தத் திருப்தி அவர் கன்னத்தில் தெரிந்தது. முகர்ந்தார். துளசி வாசம். வாயில் போட்டு மென்றார்.

"கசக்குதே."

"கொஞ்ச நேரம் நாக்குல ஊற வுடுங்க. அப்பதான் வேலை செய்யும்."

ஊற விட்டார். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தார். பாயைப் பார்த்துச் சிரித்து, தன் டின்னிலிருந்து விரலால் எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடினார்.

கண் உடனே திறந்துகொண்டது.

"இன்னாது இது... உப்பு கரிக்குது!"

கூட்டம் சலசலத்தது. பாய் முன்னால் சாய்ந்தார். "உப்பா? உங்க டின்னு தானே இது?"

நாக்குக்காரர் மறுபடி எடுத்தார். மறுபடி துப்பினார். டீக்கடைக்கு ஓடி, டப்பாவில் கையை விட்டு ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டார்.

"மணலு! யோவ், இன்னாய்யா மணலப் போட்டு வெச்சிக்கிற?"

"யோவ், நேத்து பிரிச்ச மூட்டைய்யா அது! இத்தினி நாளா என் கடைச் சக்கரையத்தான டீயில போட்டுக் குடிச்ச? அப்பல்லாம் இனிச்சுதா?" என்றார் டீக்காரர். யாரோ சிரித்தார்கள். யாரோ, வாய் கோணுகிறதா பார், கையைத் தூக்கச் சொல்லு, வாதம் அடிச்சிருக்கும் என்றார்கள். அவர் நிஜமாகவே இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். எனக்கு அந்தக் காட்சி போதும்போல இருந்தது. ஆனால் தம்பிக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். அவன் கேட்டது வேறு.

இதற்குள் பாய் தன் சுண்டு விரலால் அந்த டின்னைத் தொட்டு நாக்கில் வைத்து, நிதானமாக யோசித்து, மூடியை எடுத்து மூடிவிட்டார். "வெல்லத்துல உப்பு இருக்கும். அசல் தேன்ல உப்பு எப்படி வரும்?" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அதை நான் திட்டம் போடவில்லை. எங்களை வெல்லப்பாகு என்றவரின் டின்னில் வெல்லப்பாகு இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தானாக வந்து விழுந்தது, நான் மடியை விரித்து வாங்கிக்கொண்டேன்.

நாக்குக்காரரிடம் என் சொம்பை நீட்டினேன். "இத கொஞ்சம் பாருங்க."

அவர் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "புளிக்குது... தொண்டையில எரியுது... பூ வாசம் அடிக்குது. இனிப்பு தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியலயே!"

அப்போதுதான் தம்பி முன்னால் வந்தான். "இது எங்க மாமன் எடுத்த தேனுங்க. அன்னிக்கு வெல்லம்னு சொன்னீங்க. இப்ப சொல்லுங்க, இது வெல்லமா?"

நாக்குக்காரர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் நீலமாக நின்ற மலையைப் பார்த்தார். அந்த இடத்தில்தான் அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். இலையை அவர் நினைக்கவே இல்லை. முகம் வெளுத்துப்போய் மலையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மலைச்சாமி என் நாக்கப் புடுங்கிடுச்சுப்பா. அன்னிக்குக் கோவத்துல சொன்னேன். இந்தப் பொண்ணு எதுத்துப் பேசுச்சேன்னு சொன்னேன். அது நல்ல தேனு. வெல்லம் இல்ல. எல்லாரும் கேட்டுக்கோங்க, வெல்லம் இல்ல!"

அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ, அதைவிடச் சத்தமாக.

தம்பி தலையை ஒரு தடவை ஆட்டினான். பாய் என் சொம்புத் தேனைத் தொட்டுப் பார்த்து, "மேல இன்னும் இருக்கா அம்மா?" என்று கேட்டார். "பாறையில இருக்குங்க" என்றேன்.

கூட்டம் கலைகிறபோது நாக்குக்காரர் என்னிடம் வந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஏம்மா, உங்க மலையில இதுக்கு எதுனா மருந்து இருக்கா? என் பொழப்பே இதுதாம்மா."

முதல் தடவையாக என்னை அம்மா என்றார். ஒரு உலை சோறு வேகிற நேரம் பொறுத்தால் போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயெல்லாம் தயாராகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் பாறைப் பக்கம் பார்த்தபடி எப்ப வடியும் என்று கேட்டது அந்த நேரத்தில் காதில் விழுந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

அவர் டாக்டரைப் பார்க்க வேலூர் பஸ் ஏறினார். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் நாக்கு திரும்பியிருக்கும். யாராவது பக்கத்து சீட்டில் கொடுத்த வாழைப்பழம் இனித்திருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தடுத்த சந்தைகளில் நான் எதிரே போய் நின்று பார்த்தேன். வேண்டுமென்றேதான் நின்றேன். தேனைத் தொட்டு வாயில் வைப்பார், கண்ணை மூட மாட்டார். பக்கத்தில் இருக்கிறவன் விரலிலும் ஒரு சொட்டு வைத்து, "உனக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்பார். அவன் இனிக்கிறது என்றால், "ஆமா, இனிக்குது" என்பார். வாசலை மறித்திருந்த இலை என்றைக்கோ போய்விட்டது, நரம்பு ஒழுங்காக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மேலே உட்கார்ந்திருந்தவன்தான் கயிற்றை நம்பவில்லை. அதற்கு எந்தப் புத்தகத்திலும் எனக்கு மருந்து அகப்படவில்லை. அகப்பட்டிருந்தாலும் நான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாலு ஊர் கேட்க என் வீட்டுக்காரரைப் பொய்யர் ஆக்கிய நாக்கு அது. நன்றாகத் தடுமாறட்டும் என்றுதான் இருந்தது.

அந்த வாரமே பாறைக்குப் போனோம். ஈ குடித்தது போக மீதி அடை இன்னும் கனமாகத்தான் தொங்கியது. வீட்டுக்காரர் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு இறங்கினார். தம்பி மரத்தடியில் காலை ஊன்றி உட்கார்ந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். நான் குடங்களோடு பக்கத்தில் இருந்தேன். கீழே இரைச்சல் கிளம்பியது. ஒரு வெட்டு வந்தது, விட்டான். இன்னொன்று வந்தது, விட்டான்.

பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டான். "அக்கா, அந்த உருண்டையில இன்னா போட்ட?"

"துளசி."

"துளசி மட்டுமா?"

"கயித்தப் பாத்துப் புடிடா."

"நம்ம வேலியில ஒரு பக்கம் கொடியே காணோமே. ஆடு மேஞ்சுதோ?"

"ஆமா. கெழட்டு ஆடு. கடுக்கன் போட்ட ஆடு."

அவன் சத்தம் வராமல் சிரிக்கப் பார்த்தான். தோள் குலுங்கியது, கை குலுங்கியது, கயிறும் குலுங்கியது. கீழேயிருந்து அடுத்தடுத்து இரண்டு வெட்டு, பிறகு விடாமல் உலுக்கல் வந்தது. பதறிப்போய் இரண்டு பேருமாக அவரை மேலே இழுத்துப் போட்டோம். புகை படிந்த முகத்தோடு, இடுப்பில் பாதி அடைகூட இல்லாமல் வந்து நின்று மாமன் மச்சானைத் திட்டினார்:

"ஏன்டா டேய், நான் நிறுத்துன்னா நீ ஆட்டற, ஆட்டாதன்னா தூக்கற! கயித்துல இன்னாடா சிரிப்பு வேண்டிக் கெடக்கு?"